பதினேழாம் கூடையின் மஞ்சள் கல்

மார்ச் 4

ஆழ்கடல் கற்களை அறுத்துப் பெட்டியில் அடைக்கும் கிடங்கின் ஏகச் சக்கரவர்த்தியாகிய நான், அறுப்பு இயந்திரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன் (இயந்திரம் அணைந்திருக்கிறது): இங்கே எழுதப்போவதை எவரும் நம்பமாட்டார்கள்.

நேற்றுக் கப்பல் திரும்பியது. கடலடியைச் சுரண்டும் இரும்புக் கூடையில் வந்ததெல்லாம் வெறும் கரும்பாறை. என்னைவிடச் சில கோடி வருடம் மூத்தவை, ஆனால் மரியாதை தெரியாதவை. ஆய்வாளர் அம்மாவின் முகத்தில் உலகத்துத் துக்கமெல்லாம். பார்க்கச் சகிக்காமல், பதினேழாவதாக இறங்கிய கூடையின் கற்கள் இருந்த பைக்குள் ஒரு மஞ்சள் கல்லை நழுவவிட்டேன். சீட்டு உளுத்துப்போய், எந்தக் கடலில் எடுத்ததென்றே தெரியாமல் பழைய பெட்டியில் கிடந்தது. பித்தளையாய் மின்னும், உள்ளே தாமிரம்; அதைத் தேடித்தான் கப்பலே போனது. காலையில் அவர் துள்ளுவார். நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 5

துள்ளினார். நான் சிரிப்பதற்குள் மேலிடத்துக்குச் செய்தி பறந்துவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9

பன்னிரண்டாம் தேதி கப்பல் அதே இடத்துக்கு மறுபடி போகிறதாம். பதினேழாம் கூடை இறங்கிய இடம் கடலுக்கடியில் செங்குத்தான மலைச்சரிவு. கப்பலில் கூடையை வயரில் இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் என் தங்கை புருஷன். போன தடவை அங்கே கூடை பாறையில் மாட்டி, வயர் விண்ணென்று இறுகி, கப்பலே ஒருபக்கம் சாய்ந்ததாம். "இன்னொரு தடவை மாட்டினா வயர் தாங்காது மச்சான்" என்று வந்த அன்றே சொன்னார்.

அறுந்த வயர் சாட்டை மாதிரி சுழலும். எதிரே இருப்பது தூணா ஆளா என்று பார்க்காது.

மார்ச் 10

ஆய்வாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படி? அந்தக் கல்லைத் திமிங்கிலத்தின் கடைவாயிலிருந்து நானே பிடுங்கிவந்தேன் என்று ஆரம்பித்தேன். பழக்கதோஷம். பிறகு நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"போன மாசம் கல்லுக்குள்ள இருந்து மீன் பேசிச்சுன்னீங்க. அதுக்கு இது பரவாயில்லண்ணே."

நானும் சிரித்தேன். ஆமாம் — நானும்தான் சிரித்தேன்.

மார்ச் 11

மாப்பிள்ளையிடம் வேடமில்லாமல் சொன்னேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். நம்பிவிட்டார். இத்தனை வருடத்தில் என்னை நம்பிய முதல் ஆள்.

"கேப்டன்கிட்ட சொல்லிப் பாக்கறேன். ஆனா நான் உங்க தங்கச்சி புருஷன்னு கப்பலுக்கே தெரியும். குடும்பமே புளுகுதுன்னுவாங்க."

கோபமில்லையா என்றேன். "திரும்பி வந்து வச்சுக்கறேன் உங்கள" என்றார். என்ன ரகசியம் என்று தங்கை உள்ளேயிருந்து கேட்டாள். உன் அண்ணனுக்கு மூளை இருப்பதாக ஒரு வதந்தி என்று பதில் சொன்னார்.

மார்ச் 12

கேப்டன் சிரித்தாராம். கப்பல் கிளம்பிவிட்டது.

மார்ச் 19

மாட்டியது. அறுந்தது.

மாப்பிள்ளை போய்விட்டார்.

மார்ச் 23

கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். தங்கை திறக்கச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் மகள், என் கதை கேட்காமல் ஒரு வாய் சோறு இறங்காதவள், பக்கத்தில் வந்து நின்று, "மாமா, ஏதாவது பேசு" என்றாள்.

மார்ச் 27

புது வயர் சுற்றிக்கொண்டு அடுத்த மாதம் அங்கேயே போகப்போகிறார்களாம். வின்ச் ஆள் சுதாரிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. வேறொருவன் இப்போது பையில் துணி அடுக்குவான்.

டேய் சக்கரவர்த்தி, உன்னைத்தான் கேக்கறேன். ஒரே கல்லை ரெண்டா உடைச்சுத்தானே ஒரு பாதியைப் பைக்குள்ள போட்டே? மீதிப் பாதி உன் மேசையிலேயே இருந்துச்சே. பத்தாம் தேதி எடுத்துட்டுப் போய் ஒட்டிக் காட்டியிருந்தா அரை நிமிஷ வேலை. ஏன் போகல? நம்பிடுவாங்கன்னுதானே? வேலை போயிடும், சக்கரவர்த்தி பட்டம் போயிடும்னுதானே? அதனாலதான் திமிங்கிலத்தைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனே.

நம்பக்கூடாதுன்னே சொல்லிட்டு வந்தே நீ.

மார்ச் 28

மீதிப் பாதியை ஆய்வாளர் அம்மா மேசையில் வைத்தேன். அவரே தன்னிடமிருந்த பாதியை எடுத்துவந்து சேர்த்துப் பார்த்தார். மயிரிழை இடைவெளி இல்லை. பிறகு பயணத்தை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 30

தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

மகள் மட்டும் நின்றாள். "இதுவும் கதைதானே மாமா?"

"இல்ல கண்ணு. நான் சொன்னதுலயே இந்தத் துளிதான் நிஜம்."

அவள் போய்க் கதவைத் தட்டினாள். அவளுக்குத் திறந்தது.