இரண்டு கண்ட்ரோலர், ஓர் ஆள்

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அலமாரியைத் திறந்தேன். ஒன்றரை வருஷமாகச் சாத்தியே இருந்த அலமாரி. வீடியோ கேம் கண்ட்ரோலர்கள் எல்லாம் நீ அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. பழையவற்றின் ரப்பர் பிடி இளகிப் பிசுபிசுத்திருந்தது, தொட்டால் விரலோடு ஒட்டியது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? நீ கடைசியாகப் பிடித்திருந்ததை எடுத்துத் துடைத்து, புது பேட்டரி இரண்டு போட்டு, டீவியை ஆன் செய்தேன்.

நாம் பாதியில் விட்ட விளையாட்டு அப்படியே திறந்தது. மலையடிவாரத்துப் புல்வெளியில் தொப்பி போட்ட அந்தப் பயணி, நாம் நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கண்ட்ரோலரைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் நடந்துகொண்டிருந்தான்.

இடது பக்கமாக, அவசரமே இல்லாமல் நடந்தான். புல்வெளியைக் கடந்து ஓடையில் இறங்கினான். பாறை ஒன்றில் முட்டிய பிறகும் நிற்கவில்லை, முட்டிய இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். கண்ட்ரோலர் கட்டில்மேல் நான் வைத்தபடியே கிடந்தது.

அம்மா பாதி உரித்த பூண்டோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"அது ஏன் தானா போவுது?"

"ஸ்டிக் தேஞ்சிடுச்சும்மா. அண்ணா அழுத்தி அழுத்தி."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நீ சாய்ந்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். டீவியை அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி. கொஞ்ச நேரம்."

கட்டைவிரலால் தள்ளும் அந்த ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சின்னத் தகடு தேய்ந்து தூசும் படிந்துவிட்டால், யாரோ விரலை வைத்திருக்கிறார்கள் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். இதை நீயே ஒருமுறை ஒரு கண்ட்ரோலரைப் பிரித்து எனக்குக் காட்டியிருக்கிறாய். காரணம் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் கண்ட்ரோலரைத் தொடாமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நமக்குள் நடந்த முதல் சண்டையே கண்ட்ரோலருக்காகத்தான். சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த வீடியோ கேம் பெட்டியோடு இரண்டு வந்தன, சோப்புப் பெட்டி மாதிரி நீளச் சதுரம். அரை மணி நேரம் ஆடினால் மூலை உள்ளங்கையில் பதிந்து சிவந்துவிடும். இரண்டில் ஒன்றில்தான் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் இருந்தது. அதை மூத்தவன் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் பாத்ரூம் போக வேண்டும் என்று கெஞ்சினால் "நக்கோ, வேணாம், இந்த ஆட்டம் முடியட்டும்" என்பாய். திரும்பி வருவதற்குள் என் ஆளைக் கொன்றிருப்பாய்.

நீ மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து தனியாக வீடு எடுத்த பிறகு அந்தச் சண்டைக்குப் படித்தவர்கள் சண்டை மாதிரி ஒரு தோரணை வந்தது. நீ ஜப்பான்காரர்கள் செய்ததன் கட்சி, நான் அமெரிக்காக்காரர்கள் செய்ததன் கட்சி. உன்னுடையதில் இரண்டு ஸ்டிக்கும் கீழே சரிசமமாக, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். "ரெண்டு கைக்கும் ஒரே நியாயம். பாரு, எவ்ளோ அழகா இருக்கு" என்பாய். என்னுடையதில் இடது ஸ்டிக் மேலே, வலது ஸ்டிக் கீழே. "அழகை வெச்சு என்ன பண்றது? கட்டைவிரல் தானா போய் உக்கார்ற இடம் அது" என்பேன். உன்னுடையது இலேசு, என்னுடையது கனம். உன்னுடையதில் பட்டனுக்குப் பட்டன் வடிவம், என்னுடையதில் வண்ணமும் எழுத்தும். என் கண்ட்ரோலரின் பின்பக்க ட்ரிக்கர் அடிவரை இறங்கும், கார் ஓட்டும் ஆட்டத்துக்கு அதைவிட வேறில்லை. ஆனால் அதற்குப் பேட்டரி மாற்ற வேண்டும். "இந்தக் காலத்துல எவனாச்சும் டீவி ரிமோட் மாதிரி பேட்டரி போடுவானா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாய். பிறகு நீயே எழுந்துபோய்ப் பேட்டரி வாங்கி வருவாய்.

நம் இருவருக்குமே பிடிக்காதது ஒன்று உண்டு. இரண்டாகக் கழற்றி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன வகை. ஸ்டிக் சுண்டுவிரல் நுனி அளவு, பட்டன் கடலைப்பருப்பு அளவு. யாரோ பரிசாகத் தந்தார்கள் என்பதற்காக வைத்திருந்தாய். "இது கண்ட்ரோலர் இல்லடி, பிஸ்கட்" என்று சொல்லி அலமாரியின் கடைசியில் போட்டாய்.

மாதாப்பூர் வீட்டில் ஒரு ஞாயிறு, நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"இந்தப் பட்டன் சரியா அமுங்க மாட்டேங்குதுடி. கடைக்காரன் மாத்திக் குடுத்தான். புதுசுலயும் இதே கதை."

வாங்கி அழுத்திப் பார்த்தேன். நான்கு பட்டனும் சுலபமாக இறங்கி ஏறின.

"நல்லாத்தானேண்ணா இருக்கு."

"ஹவ், அப்படியா? குடு இங்க."

நீ அழுத்தினாய். உன் வலது கட்டைவிரலின் நகம் வெளுத்தது, விரல் நடுங்கியது, பட்டன் இறங்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் எல்லோருக்கும் இருக்கும் சதைமேடு உனக்குத் தட்டையாகி, அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவள் நான். எத்தனையோ ஞாயிறுகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியும் உன் கையை நான் பார்க்கவே இல்லை.

"ஆபீஸ் ஏசில கை மரத்துப்போவுது" என்றாய்.

"இருக்கும்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தவை உனக்கே தெரியும். தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் என்றார் டாக்டர். கையில் ஆரம்பித்திருக்கிறது, மூச்சுவரை போகும் என்பதை அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தபோது நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆட்டோவில் அம்மா வீடு இருக்கும் மௌலா அலி வரைக்கும் நீ மெட்ரோ தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மாதாப்பூர் வீட்டைக் காலி செய்து அம்மாவிடம் வந்த வாரம்தான் என் கண்ட்ரோலரைக் கேட்டு வாங்கினாய். அரைமணி நேரம் ஆடிவிட்டு மடியில் வைத்தாய்.

"உன்னுதுதான் சரி. ட்ரிக்கர் லேசா இருக்கு. இத்தன வருஷம் சும்மா எதிர்த்துப் பேசினேன்."

அத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான். "இல்லண்ணா, உன்னுதுதான் அழகு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஞாயிறுதோறும் உன் கையில் ஒவ்வொரு கண்ட்ரோலராக மாற்றி மாற்றி வைப்பேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடி மாற்றிப் போட்டுக் கேட்கிற பழக்கத்தில் "இதுவா? அதுவா? எது நல்லாருக்கு?" என்று வாயில் வந்துவிடும். "அடுத்து போர்டுல கடைசி வரியப் படிக்கச் சொல்லுவா பாரு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாய். மே மாதம் என் கண்ட்ரோலரும் உனக்குக் கனத்தது. அப்போதுதான் அலமாரியின் கடைசியில் கிடந்த அந்தப் பிஸ்கட்டுகளை எடுத்தோம். இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துத் தூக்க வேண்டியதில்லை, இரு பக்கமும் தொங்கப்போட்டபடியே ஆடலாம். நாம் கேலி செய்த அந்தப் பிஸ்கட்தான் உன்னை அந்தக் கோடை முடியும்வரை ஆட வைத்தது. பிறகு வலது கை முழுதாகப் போனது. அதுவும் பயன்படவில்லை.

இரண்டு கண்ட்ரோலர்களை இணைத்து ஒரே ஆளை ஆட்டலாம் என்று கண்டுபிடித்தது நீதான். போனில் படித்துவிட்டு, "நீயும் நானும் ஒருத்தன் ஆகலாம்டி, வழி இருக்கு" என்றாய். என் பழைய கண்ட்ரோலரை உன் மடியில் தலையணைமேல் வைத்து, இடது கட்டைவிரலை ஸ்டிக்கின்மேல் எடுத்து வைத்தேன். நடப்பது உன் வேலை. குதிப்பது, ஏறுவது, கயிறு வீசுவது, விளக்கேற்றுவது எல்லாம் என் கையிலிருந்த இன்னொன்றில். முதல் நாள் அந்தப் பயணி பள்ளத்துக்குப் பள்ளம் விழுந்து செத்தான்.

"குதிடி. குதின்னு சொன்னேன்ல?"

"நீ விளிம்புக்கு வந்தாத்தானே குதிக்க முடியும்?"

"விளிம்புலதான் நிக்கறேன், கண்ணத் திறந்து பாரு."

இரண்டு வாரத்தில் பேச்சே தேவைப்படவில்லை. நீ விளிம்புக்கு வருவதற்கு முன்பே என் விரலுக்குத் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி போகும்போது அலமாரியில் மற்ற கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். "பாரு, அதுங்களுக்கும் ஆடணுமாம்" என்றாய். நீ போன பிறகும் ஒவ்வொரு வண்டிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவைத் துணி வைத்து இறுக்கிச் சாத்தினோம். அப்படியும் கேட்டது. நானும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டி போய் முடியும்வரை ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்போம்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தப் பயணி நேர்ப்பாதையில் நடக்கத் தடுமாறினான். யோசிக்காமலே என் ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினேன். நேராகிவிட்டான். இணைத்துவிட்டால் இரண்டு ஸ்டிக்கும் ஒரே ஆளைத்தான் நகர்த்தும், யார் தள்ளினார்கள் என்று திரையில் தெரியாது. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அதற்கடுத்த வாரம் உன் கட்டைவிரலை ஓரக்கண்ணால் பார்த்தேன். அது ஸ்டிக்கின்மேல் கிடந்தது, அவ்வளவுதான். பயணி காட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தான். "நல்லா ஓட்டறண்ணா" என்றேன். நீ திரையைப் பார்த்தபடியே "ம்" என்றாய்.

அப்படி எத்தனை வாரம் போயின என்று நான் எண்ணவில்லை. ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். என் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். கதவருகிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பயணி மரப்பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றான். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உன் முழு பலமும் அந்த ஒரு விரலுக்குப் போய்க்கொண்டிருந்தது, விரல் அசையவில்லை. ஓடி வந்து உட்கார்ந்து என் ஸ்டிக்கைத் தள்ளினேன்.

"எங்க போன?" என்றாய். "உனக்காகத்தான் அவன நிக்க வெச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தாய். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் போட்ட பிறகு, நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன் என்று உன் காதில் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் "அம்மா சாப்பிட்டா, வீட்ல எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு, அந்தப் பயணி பாறையில் முட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்தபடி இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றேன். அவள் பூண்டுத் தோலைப் புடவையிலிருந்து தட்டிவிட்டாள்.

"அவனுக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நீ ஒருத்தியே ஆடறேன்னு. ஒருநாள் சோறு ஊட்டறப்போ நான்தான் கேட்டேன், முடியலன்னா விட்டுடேன்டா, எதுக்கு அவ்ளோ நேரம் உக்காந்திருக்கேன்னு. 'அவதாம்மா நடத்தறா, நடத்தட்டும். நான் நிறுத்தினா அவ அழுவா'ன்னான்."

அம்மா எழுந்து போய்விட்டாள். நான் அங்கேயே இருந்தேன். நீதான் ஆடுகிறாய் என்று நீ நினைக்க வேண்டும் என்பதற்காக நான் ஆடினேன். நான் அழக்கூடாது என்பதற்காக, முதுகு வலியோடு, தலை நிற்காமல், மூன்று மணி நேரம் நீ உட்கார்ந்திருந்தாய். அப்படியானால் அந்த மழைக்காலம் முழுக்க அந்த அறையில் ஆட விரும்பி ஆடியது யார்? அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பிடித்துத்தான் உட்கார்ந்திருந்தாயா என்று உன்னைக் கேட்க வழியில்லை. பாலத்தின் நடுவில் நீ அத்தனை பலத்தையும் கூட்டித் தள்ளிப் பார்த்ததை மட்டும் நான் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பிறகும், நான் இல்லாத நேரத்தில், ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறாய்.

நேற்று ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் தோழி அவள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் கணவர் புதிதாக வாங்கியிருந்ததை என் கையில் கொடுத்து ஆடச் சொன்னார். நீ விரும்பும் வகை, இரண்டு ஸ்டிக்கும் கீழே சரிசமமாக. விரல்கள் பட்டன்களைத் தேடிக் கண்டுபிடித்தன, இடது கட்டைவிரலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆனால் தள்ளவில்லை. திரையில் ஆள் தயாராக நின்றான், நானும் உட்கார்ந்திருந்தேன்.

"க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்றாள் அவள். "சல், நடத்து."

எத்தனை வேகமான ஆட்டமானாலும் எனக்கு இப்போது இப்படித்தான், அண்ணா. நடக்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நேரம் விரலை எடுத்துவிட்டு, உனக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறேன். பிறகுதான் தள்ளுகிறேன்.