உம் கொட்ட ஆள் வேண்டும்

நிலவின் தென்முனை, பனிச் சுரங்கம்
மருத்துவர் மரகதவல்லி எழுதுவது

நாள் 212, பிற்பகல் 4:00
எல்லோரும் நலம். இங்கே நாங்கள் நான்கு பேர்: துளை போடும் கொப்பையா, மின்சாரம் பார்க்கும் சூசை, காற்றுப் பம்ப் ஓட்டும் செவத்தம்மா, நான். அவர்கள் மணிக்கட்டுப் பட்டையின் நாடித் துடிப்பு என் திரையில் தெரியும். போன மாதம் குடிதண்ணீர்ச் சண்டையில் கொப்பையா சூசையின் பல்லை உடைத்தான். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் செவத்தம்மா கதை சொல்கிறாள். இருவரும் தோள் உரச உட்கார்ந்து உம் கொட்டுகிறார்கள். கொப்பையாவின் துடிப்பு 98இலிருந்து 70க்கு இறங்குகிறது. தூக்க மாத்திரையை யாரும் சீண்டுவதில்லை. கம்பெனிக்குப் பெருமையாக அறிக்கை அனுப்பினேன்.

நாள் 215, காலை 9:00
கம்பெனியின் பதில்: "மிக்க மகிழ்ச்சி, டாக்டர். கதையைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுங்கள். செவத்தம்மாவுக்கு அந்த நேரத்தில் கூடுதல் ஷிப்ட்." இந்த மண்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

செவத்தம்மா இண்டர்காமில் கத்தினாள்: "உம் கொட்ட ஆளில்லாம, செவுத்துக்கா கதை சொல்லச் சொல்லுதீக?" ஆனாலும் பதிவு செய்து கொடுத்தாள்.

நாள் 216, பகல் 12:10
பதிவைப் போட்டேன்; கிணற்றில் இறங்கிய ஒருவனின் கதை. கொப்பையா உம் கொட்டினான், ஸ்பீக்கர் காத்திருக்கவில்லை. "அந்தாளு எதுக்குக் கெணத்துல எறங்குனான்?" என்று கேட்டான். குரல் தன்பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மறுபடி கேட்டான். சூசை சிரித்தான்.

கொப்பையாவின் ஸ்பானர் முதலில் ஸ்பீக்கரை உடைத்தது, அடுத்து சூசையின் மண்டையை. ஒரே அடியில் சூசை செத்தான். கொப்பையா நிறுத்தவில்லை. இங்கே ரத்தம் மெதுவாகத்தான் விழும். அது தரையைத் தொடுவதற்குள் அவன், செவத்தம்மா ஷிப்டில் இருந்த பம்ப் அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிவிட்டான்.

பகல் 12:40
இண்டர்காமில் கொப்பையாவின் குரல்: "சொல்லுக்கா. நிப்பாட்டுனா ஒன்னையும் அடிச்சிருவேன்." அவள் சொல்கிறாள், அவன் உம் கொட்டுகிறான். இருமலுக்காக ஒருமுறை நிறுத்தினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அலறிக்கொண்டே கதையைத் தொடர்ந்தாள்.

கம்பெனி: "மீட்பு ஊர்தி வர ஐந்து மணி நேரமாகும். பம்ப் அறையின் காற்றை வெளியேற்றுங்கள். இருவர் போனாலும் சுரங்கம் மிஞ்சும்."

நாசமாய்ப் போங்கள். அவளைக் கொல்ல மாட்டேன். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நானே மைக்கை எடுத்தேன்: "கொப்பையா, கிணத்துல இறங்கினவன் கதையை மிச்சம் நான் சொல்றேன்."

ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம்; பிறகு, "உம்."

பிற்பகல் 2:05
சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். என் கதைக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. அவன் கேள்வி கேட்டால் பதில் சொன்னேன். துடிப்பு 110, 90, 72. குழந்தை மாதிரி கேட்டான். கதவைத் திறக்கச் சொல்லலாம் என்று சந்தோஷப்பட்டேன். 64.

பொத்தென்று ஒரு சத்தம். இன்னும் இரண்டு. 64 இருந்த இடத்தில் வெறும் கோடு.

"உம்." செவத்தம்மாவின் குரல். அவள் துடிப்பு 160.

"செவத்தம்மா, கதவைத் திற!"

"மாட்டேன் டாக்டரம்மா. கையில ஸ்பானர் இருக்கு, முன்னால காத்துப் பம்ப் இருக்கு. கதை நின்னா அதையும் ஒடச்சிருவேன், எனக்கே என்மேல நம்பிக்க இல்ல. நிப்பாட்டிராதீக. உம்."

சொல்கிறேன். துடிப்பு 163. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"உம்?"