வயது: நாற்பது

மார்ச் 4, செவ்வாய்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இன்று முதல் நாள். புது மென்பொருள் எழுதும் முன், பழையதைப் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது என் வேலை. அழைப்பை எடுக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு இயக்குநரும் உட்கார்ந்துகொண்டார். ஏதாவது சிரமம் உண்டா என்றேன். "இல்லைங்க மேடம், எல்லாம் நல்லா இருக்கு." அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்ட மாதிரிதான்.

மார்ச் 6, வியாழன்

பிடிவாதம் பிடித்து, அவர்கள் வேலை செய்யும்போதே பின்னால் உட்கார அனுமதி வாங்கினேன். பெரும்பாலும் சுருட்டையின் பின்னால். தலைமுடியை வைத்து மற்றவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அழைப்பு வந்ததும் இடத்தைக் கேட்கிறாள், கூடவே வயது என்ற கட்டத்தில் 40 என்று தட்டுகிறாள். மறுபடி அழைப்பு, மறுபடி 40. ஏன் என்று கேட்டேன்.

"வயசு போடலைன்னா அடுத்த பக்கம் வராது மேடம். அடுத்த பக்கத்துலதான் வண்டியை அனுப்பற பட்டன் இருக்கு. ரோட்டுல போறவர் போன் பண்ணி, ஒருத்தர் அடிபட்டுக் கெடக்கறார்னு கத்தறார். அவர்கிட்ட போய் வயசு கேட்டுட்டு உக்காந்திருக்கவா? நாங்க எல்லாருமே நாப்பதுதான் போடுவோம்."

சொல்லிவிட்டு முகம் மாறினாள். "என் பேரு வராதுல்ல?"

வராது என்றேன். யோசிக்கவே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

அவர்கள் வராந்தாவில் பெரிய பலகை: 'நாற்பதில் கவனம்!' விபத்தில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதினர் என்று புள்ளிவிவரம் சொல்கிறதாம். இயக்குநரின் சொந்த யோசனை. வீட்டில் சொன்னதும் என் கணவர், "ஒனக்கு நாப்பத்து மூணு. கண்டம் தாண்டிட்டே, போ" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கையைக் கொடுத்தேன். யார் பெயரும் இல்லை. தப்பு திரையில் இருக்கிறது, வயதைக் கட்டாயமில்லாமல் ஆக்குங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தேன். இயக்குநர், எல்லாருக்கும் 40 என்று தட்டுகிறார்கள் என்ற பத்தியோடு நிறுத்திவிட்டார். பொய்த் தகவல் பதிந்தது யார்? அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

திரும்பும்போது காரில் எங்கள் மேலாளர், "பேரை மட்டும் குடுத்துடுங்கம்மா, விஷயம் முடிஞ்சுது" என்றார். சாப்பிடும்போது உப்பை இப்படித் தள்ளச் சொல்வார்களே, அந்தக் குரலில். முடியாது என்றேன்.

மார்ச் 15, சனி

தூக்கமில்லை. நான் போனது தகவல் சேகரிக்கவா, ஆள் பிடித்துக் கொடுக்கவா? மனம் விட்டுப் பேசுங்கள் என்று கெஞ்சுவது நாம். பேசினால் கழுத்தைப் பிடிப்பதும் நாமா? வயசு கேக்காம வண்டிய அனுப்பினதுக்கு அந்தப் பொண்ணுங்களுக்கு மாலை போடணும். போடலைன்னா போகட்டும், தண்டனையாமே — என்ன நியாயம் இது?

மார்ச் 17, திங்கள்

சுருட்டை போன் செய்தாள். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நீங்க யார் பின்னாடி உக்காந்தீங்கன்னு எல்லாரும்தான் பாத்தாங்களே."

மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். அதுதான் இன்னும் குத்துகிறது. பெயரை மறைத்தேன், நாற்காலியை மறைக்கத் தோன்றவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இயக்குநரிடம் கத்தத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. அறிக்கை முடியவில்லை சார், பயன்படுத்துகிறவர்களில் ஒருவரை விட்டுவிட்டேன், நீங்கள்தான் என்றேன். இந்த வயதுக் கணக்கை வைத்துத்தானே பலகை வைத்தீர்கள்? ஒரு மணி நேரம் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். தனக்குத் தெரியாததா என்றார். "அப்ப ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒண்ணுமே இல்லை சார்." மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் வருவதாகச் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

வந்தார். சுருட்டையின் அடுத்த இருக்கை, பயிற்சித் திரை. அழைப்பை அவள் எடுப்பாள். இவர் அதையே கேட்டுத் தன் திரையில் நிரப்ப வேண்டும். முதல் இரண்டில் வயது கிடைத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது ஒரு லாரி ஓட்டுநர். மேம்பாலத்துக்குக் கீழே ஒருத்தர் கிடக்கிறார், மூச்சு ஒரு மாதிரி வருகிறது என்று அழுகிற குரல். சுருட்டை வண்டியை அனுப்பிவிட்டு, அவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் திரையில் 'வயதை நிரப்பவும்' என்று சிவப்பில் மின்னிக்கொண்டே இருந்தது. சுட்டியைத் தட்டினார், தட்டினார். நகரவில்லை. பிறகு விரல் தானாகப் போனது.

45.

நாற்பது போட மனம் வரவில்லை போல.

ஹெட்செட்டைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 31, திங்கள்

இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. சுருட்டையிடமிருந்து போன் இல்லை. கூப்பிட எனக்குத் தைரியமும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு வேலையாக அங்கே போனேன். வராந்தாவில் பலகை இல்லை. ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும். இயக்குநர் எதிரே வந்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், போய்விட்டார். ஒரு மன்னிப்பா, ஒரு நன்றியா — மூச்! கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறந்தேன். அதே இருக்கையில் அதே சுருட்டை முடி. காதில் ஹெட்செட், விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பு முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"காலியா விட்டேங்க்கா. வண்டி போயிடுச்சு."