சிறுகோளில் இறங்குவதா, தொட்டுவிட்டு வருவதா

யூன் 12, செவ்வாய்

கச்சான் காற்று. குசினி முழுக்க மண். பின்னேரம் கரண்ட் இல்லை.

சிறுகோளுக்கு விண்கலம் அனுப்பிக் கல்லும் மண்ணும் எடுத்துவரும் எங்கள் போட்டித் திட்டம், அவர்கள் சொன்ன எடையைவிட இன்னும் கூட. இறங்கி, ஆணியடித்து நின்று, நல்ல கல்லாகத் தேடித் துளைப்பதென்றால் எரிபொருள் எவ்வளவு வேண்டும்! திங்கள் தபாலில் போட்டே ஆகவேண்டும். வென்றால் எனக்கும் வசந்திக்கும் வெளிநாட்டில் மேற்படிப்பு. வேறு வழி இரண்டு பேருக்கும் கிடையாது.

வசந்தி: "நல்லதாப் பாத்து எடுக்கேலாட்டி அங்க ஏன் போவான்?"

பிடிவாதக்காரி. நானும்தான்.

வாங்க: தேங்காய், மெழுகுதிரி, பெரிய கடித உறை.

யூன் 14, வியாழன்

குச்சவெளியில் வசந்தியின் வீடு ஆமி முகாம் வேலிக்குள் போனதிலிருந்து அவளும் அம்மாவும் லிங்கநகரில் எங்களோடுதான். இன்றைக்குத்தான் சாமான் எடுக்க விட்டார்கள். அரை மணித்தியாலம்.

அன்ரி, வசந்தியின் அம்மா, அலுமாரியைத் திறந்து, கூறைச்சீலையா குத்துவிளக்கா என்று பார்த்துக்கொண்டே நின்றாராம். நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். கையில் வந்தது அம்மிக் குழவி மட்டும். அம்மி அங்கே.

அங்கே பக்கத்துவீட்டுச் செல்வம் அண்ணை ஒன்றும் பார்க்கவில்லை. சீலையை விரித்தார், கைக்குப் பட்டதை வாரிப் போட்டார், முடிச்சுப் போட்டார், வெளியே. பிரித்துப் பார்த்தால் காணி உறுதி, நகை, தேங்காய் துருவும் துருவலை, ஒற்றைச் செருப்பு.

இதுதானே எங்களுக்கும் வேண்டியது! இறங்கவே வேண்டாம். தொட்டு, வாரி, கிளம்பு. நல்லது கெட்டதைப் பூமிக்கு வந்து பார்க்கலாம். உடனே போய் வசந்தியிடம் சொன்னேன். புத்தியில்லை எனக்கு.

"எங்கட அம்மா பட்டது உனக்குக் கணக்கோ?"

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெட்கமாக இருக்கிறது. ஆனால் கணக்குச் சரி.

யூன் 15, வெள்ளி

வசந்தி என்னோடு கதைக்கவில்லை.

தனியே கணக்குப் போட்டேன். ஆணி இல்லை, துளைப்பான் இல்லை. எடைக்குள் வந்துவிட்டது, மிச்சமும் இருக்கிறது. சந்தோசப்பட மனம் வரவில்லை. இருவர் கையெழுத்தும் வேண்டும்.

அன்ரி, வெங்காயம் உரித்தபடி: "அவளுக்கு உன்னில கோவமில்லைப் பிள்ளை. என்னில. நான்தான் நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

யூன் 17, ஞாயிறு

காற்று குறைவு. சுறாப்புட்டு.

மத்தியானம் வசந்தி தானாகவே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கணக்கு முழுவதையும் பார்த்தாள்.

"தொடேக்க ஒண்டும் வராட்டி?"

"வெறுங்கையோட திரும்பவேண்டியதுதான்."

"ஏலாது. மிச்ச எடைக்கு எரிபொருள் வை. இன்னொருக்காப் போகட்டும். அம்மாவை ரெண்டாந்தரம் விடேல்ல. இதையாவது விடுவம்."

எழுதினோம். கையெழுத்துப் போட்டாள். பிறகு அழுதாள். நானும்.

யூன் 18, திங்கள்

தபால் கந்தோர் போகும் வழியில் சோதனைச்சாவடி. உறையைப் பிரிக்கச் சொன்னார்கள். மேலேயே ரொக்கெற் படம். குண்டு என்று நினைத்தால்? வசந்தி தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: வானத்தில் ஒரு கல், அதில் கொஞ்சம் எடுக்க.

உறையைப் பிரித்த ஆமிக்காரன் இளம் பெடியன். படத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு கொச்சைத் தமிழில்:

"ஆள் போறது?"

"இல்லை. மெசின் மட்டும்."

"ஒரு ஆளும் இல்லை?"

"ஓம். ஒருத்தரும் இல்லை."

மடித்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துத் தந்தான்.

"அது நல்லம்" என்றான். "ஆள் அனுப்ப வேணாம்."

தபாலில் போட்டாயிற்று.