செவ்வாப்பேட்டையைப் பார்த்த ஆண்டெனா

வேப்பம்பட்டு,
ஞாயிறு மாலை.

என் அன்புள்ள டேனிக்கு,

கர்த்தரின் கிருபையால் நானும் மாமாவும் சுகம். நீங்கள் சுகமா என்பதுதான் தெரியவில்லை. உங்கள் முகாம் எண்ணுக்கு அடித்தால் மணிகூட அடிக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குப் பேசினால் நடுவிலேயே அறுந்துபோகிறது என்று சலித்துக்கொள்வீர்களே, அதற்காக அசோக் அண்ணனை வரவழைத்து மொட்டை மாடியில் போன் சிக்னலுக்கு ஆண்டெனா மாட்டினேன். பார்க்க மீன் முள் மாதிரி இருக்கிறது. ஒரே திசையைத்தான் பார்க்குமாம். நம் டவர் செவ்வாப்பேட்டை பக்கம் என்பதால் அங்கே திருப்பி வைத்து, குழாயில் சிவப்புப் பெயின்டால் கோடும் போட்டார். கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு என்று படித்துப் படித்துச் சொன்னார். உங்கள் அப்பா காதில் ஏறினால்தானே!

போன ஞாயிறு நீங்கள் வீடியோவில் வந்தது அதில்தான். நாளை மலைமேல் போகிறோம், அதற்குமுன் நைனாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், கூப்பிடு என்றீர்கள். அப்போது படம் கொஞ்சம் இழுத்தது. நான் திரும்புவதற்குள் மாமா மாடியில் நின்றார். பழைய டிவி காலத்துப் பழக்கம். படம் இழுத்தால் கம்பியைச் சென்னைப் பக்கம் திருப்ப வேண்டும் அவருக்கு. திருப்பினார், நீங்கள் போய்விட்டீர்கள். "இன்னா எவா, இப்போ தெளிவா கீதா?" என்று மேலேயிருந்து கத்துகிறார்.

இறங்கி வந்து இருண்ட போனைப் பார்த்தவர், "எங்கிட்ட குடுக்கறதுக்குள்ள வெச்சிட்டான் பாரு. ஊருக்குப் போறப்ப போட்ட சண்டைய இன்னும் மனசுல வெச்சிகினு கீறான்" என்றார். மறுநாள் டிவியில் உங்கள் மலைச்சாலையில் மண் சரிந்ததைக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அறுந்தது அவர் கையால்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்குக் கோபமில்லை என்று தெரிந்துகொள்வார். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? உங்கள் கடைசிப் பேச்சைத் தன் கையாலேயே அறுத்த பாரத்தோடு அவரால் ஒருநாளும் இருக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது டேனி.

ஆண்டெனாவை நானே கோட்டுக்குத் திருப்பிவிட்டேன். சிக்னல் அசையாமல் நிற்கிறது. உங்கள் போன்தான் வரவில்லை. இதை எழுதும்போது, நைனா விசாரித்ததாக எழுது என்றார் மாமா.

பேச முடிந்த அன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள். அன்று உங்கள் பக்கம்தான் சிக்னல் போனது என்று சொல்லுங்கள். அந்த ஒரு பொய்யைக் கர்த்தர் மன்னிப்பார். அதைச் சொல்லவாவது உங்களை அவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
எவாஞ்சலின்