நிற்காத வண்டியும் நாத்தனார் முடிச்சும்

டீசல் மோட்டார் சைக்கிள் செய்த மேதைக்கு,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சைலன்சர் சுட்ட காலுக்குக் களிம்பு அலமாரியில் இருக்கிறது.

நான் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நேற்று என் தம்பி தசரதன் கல்யாணத்துக்கு, எங்கள் அப்பாவின் பம்புசெட் இன்ஜினைப் பூட்டிய உங்கள் வண்டியில் கூட்டிப்போனீர்கள். இன்ஜினை நிறுத்துகிற கம்பி வழியிலேயே அறுந்துபோனது. கிரிவலப் பாதையிலேயே மலையை மூன்று முறை சுற்றினோம். முதல் சுற்றில் கல்யாண மண்டப வாசலைத் தாண்டும்போது நாதசுரம் கேட்டது. இரண்டாவதில் கெட்டிமேளம். மூன்றாவதில் சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே கை அசைத்தார்கள். "டீசல் தீர்ந்தா தானா நிக்கும்டி" என்று சிரித்தீர்கள். அக்காவான நான் போட வேண்டிய நாத்தனார் முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டாள்.

இன்ஜினை எடுக்க அப்பா ஆள் அனுப்புவார். வம்பு பண்ணாமல் கழற்றிக் கொடுங்கள். கிணற்றடியில் நின்ற இடத்திலேயே ஓடட்டும்.

கஸ்தூரி

பி.கு: "எம்புள்ள பொண்டாட்டியோட மூணு சுத்து கிரிவலம் போனான்"னு உங்கள் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

இன்னொன்று: என்னைக் கூப்பிட வருவதானால் பஸ்ஸில் வாருங்கள். அது கை காட்டினால் நிற்கும்.