மறித்த காட்டில் ஒரு சிவப்புப் புள்ளி

கூமோவின் அப்பாவுக்கு,

சர்க்கரைவள்ளி நன்றாக விளைந்திருக்கிறது. பன்றி குட்டி போட்டிருக்கிறது. கூமோ உங்களைக் கேட்பதில்லை.

நீங்கள் அனுப்பிய வரைபடம் கிடைத்தது. குட்டியை வயிற்றுப் பையில் சுமந்து மரத்தில் வாழும் அந்தச் சின்ன விலங்கின் வால் நுனியில் முடி இல்லாததால் அது தனி இனமாம். பப்புவா முழுவதும் தேடியும் ஒரே ஒரு மேட்டில்தான் அது இருக்கிறதாம். அந்த மேட்டின்மேல் சிவப்புப் புள்ளி. வழி காட்டியதற்காக ஆராய்ச்சிக்காரர்கள் உங்களைத் தோளில் தட்டிப் பாராட்டியதாக எழுதியிருந்தீர்கள்.

அது என் அண்ணன் யோம்பேயின் வேட்டைக்காடு. அவர் இறந்த அன்று பாதையை மறித்துக் காட்டுக்கொடி கட்டியதில் உங்கள் கையும் உண்டு. துக்கம் முடியும்வரை அங்கே யாரும் அம்பு விடக்கூடாது. அண்ணி விறகு பொறுக்கக்கூடப் போகவில்லை.

வரைபடத்தை அண்ணியிடம் காட்டினேன். கோபப்படவில்லை. “எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு நம்பித்தானேடி உன் அண்ணன் அந்தப் பொந்தையெல்லாம் காட்டினாரு” என்றார்.

மாதிரிக்கு ஒன்றைத்தான் கொன்றோம் என்கிறீர்கள். துக்கம் முடிக்கும் நாளில் மறித்த காட்டில் விழும் முதல் உயிர் அண்ணிக்குரியது. அதைத் தின்ற பிறகுதான் உடம்பில் பூசிய துக்க மண்ணை அவர் கழுவ முடியும். அது இப்போது எங்கோ கண்ணாடிக் குடுவையில் ஊறிக் கிடக்கிறது. அண்ணி மண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்.

அறுந்து கிடந்த கொடியை எடுத்துவந்து நம் வாசலில் கட்டியிருக்கிறேன். இதையாவது அறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
யோம்பேயின் தங்கை